கல்லில் இருக்கும் பெயர்கள்: கிரேக்கப் பயண நாட்குறிப்பு

2025 மார்ச் 17, திங்கள். ஏதென்ஸ்

பைகளை விடுதியில் போட்டுவிட்டு நேரே அகோராவுக்குப் போய்விட்டோம். பழைய ஏதென்ஸின் சந்தையும் மன்றமும் இருந்த வெளி அது. பேராசிரியர் இந்தப் பயணத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்: ஒவ்வோர் இடத்திலும் எங்களில் ஒருவர் அங்கேயே நின்று அரை மணி நேரம் பேச வேண்டும். குறிப்பு வைத்துக்கொள்ளலாம், பார்த்து வாசிக்கக் கூடாது. எனக்கு விழுந்தது டெல்ஃபி.

அகோராவில் என் மனதில் நின்றவை ஓட்டுச் சில்லுகள். அட்டலோஸ் மண்டபத்தை 1950களில் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். உள்ளே உடைந்த பானைத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் கீறியிருக்கிறது. ஊரில் ஒருவருடைய கை மிஞ்சிப்போகிறது என்ற அச்சம் வந்தால் குடிமக்கள் கூடி அவர் பெயரைச் சில்லில் கீறிப் போடுவார்கள். குறைந்தது 6,000 சில்லுகள் விழுந்தால், அதிகம் பேர் எழுதிய பெயருக்குரியவர் 10 ஆண்டுகள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும். சொத்து பறிபோகாது. சலாமிஸ் கடற்போரில் ஊரைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளிஸையே இப்படித்தான் அனுப்பிவிட்டார்கள். ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் அவர் பெயரிட்ட 190 சில்லுகள் கிடைத்தன. எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லாம் 14 பேருடைய கை. யாரோ முன்கூட்டியே எழுதி விநியோகிக்கத் தயாராக வைத்திருந்திருக்கிறார்கள்.

கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த ஓடுகளில் ஆதன் போன்ற பெயர்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அதனால்தானோ என்னவோ, அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர மனமே வரவில்லை. சாதாரண மனிதன் ஒருவன் ஆணியையோ கத்தியையோ எடுத்து ஓட்டில் கீறியது, அவன் போன பிறகும் அப்படியே இருக்கிறது.

மார்ச் 18. அக்ரோபொலிஸ்

காலை எட்டு மணிக்கே வாசலில் நின்றோம். மேலே ஏறும் வழியில் பளிங்கு காலடி பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்டது. நல்ல செருப்பு இல்லாமல் யாரும் வராதீர்கள்.

பார்த்தனானைச் சுற்றிச் சாரம். கி.மு. 447இல் தொடங்கி 432இல் முடித்த கோயிலுக்கு இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் வருத்தமாக இருக்கும். பழைய கொத்தர்கள் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, துரு ஏறாமல் இருக்க ஈயம் ஊற்றி மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் ஈயக் காப்பு இல்லாமல் இரும்பை வைத்துவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பி, பளிங்கைப் பிளந்தது. இப்போது ஒவ்வொரு கல்லாக இறக்கி, அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்கிறார்கள். புதுக் கல் வெள்ளையாகத் தெரிகிறது, பழையது தேன் நிறம். எது எப்போது சேர்ந்தது என்பதை மறைக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் அதே குன்றில் உள்ள இன்னொரு கோயில், எரெக்தியம். எல்லோரும் பெண் உருவத் தூண்களின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். (அங்கே நிற்பவை நகல்கள். மூலத்தில் ஐந்து கீழே அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில்.) இன்று பேசியவன் எங்களைக் கிழக்கு முகப்புக்கு அழைத்துப் போய்த் தூண்களின் நெடுக்கு வரிப்பள்ளங்களைக் காட்டினான். அவற்றைச் செதுக்கியது யார் என்று நமக்குத் தெரியும்! கோயிலின் கட்டுமானக் கணக்கைப் பளிங்கில் வெட்டி வைத்திருந்தார்கள். துண்டுகளில் சில ஏதென்ஸ் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்ன தூணில் இன்னார் வேலை செய்தார், அவருக்கு இவ்வளவு என்று வரி வரியாகப் போகிறது. சிமியாஸ் என்ற கொத்தர், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர். அவர் பக்கத்திலேயே அவருடைய அடிமைகள்: சிண்ட்ரோன், சானியோன், இன்னும் சிலர். எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று கண்டுபிடிக்க முடிந்த 86 வேலையாட்களில் 24 பேர் குடிமக்கள், 42 பேர் குடியேறிகள், 20 பேர் அடிமைகள். கூலி எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், நாளுக்கு ஒரு டிராக்மா என்ற வெள்ளி நாணயம். அடிமையின் கூலி யார் கைக்குப் போயிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தலைவர் பெரிக்ளிஸ் கட்டினார், சிற்பி பிடியாஸ் கட்டினார் என்றே படித்து வந்திருக்கிறேன். சிண்ட்ரோன் கட்டினான் என்று எந்தப் பலகையிலும் இல்லை. கணக்கு கையில் இருக்கும்போது அவன் பெயரையும் எழுதலாமே. இதை மாலை பேராசிரியரிடம் கேட்டேன். "டெல்ஃபியில் நீ பேச வேண்டியதே அதுதான்" என்றார்.

மார்ச் 20. டெல்ஃபி

பார்னாசஸ் மலைச்சரிவு. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒலிவ மரங்கள், அதற்கப்பால் கடல் ஒரு கீற்று. கிரேக்க உலகம் முழுவதும் இங்கே வந்து அப்பல்லோவிடம் குறி கேட்டது. இந்த இடத்தின் மேல் கஸ்த்ரி என்ற ஊர் இருந்தது. 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்ட வந்தபோது, ஊரையே பெயர்த்துப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று நாங்கள் தங்கியிருப்பது அந்தப் புது ஊரில்.

நான் பேசியது கோயிலைப் பற்றி இல்லை. கோயில் மேடையைத் தாங்கும் சுவரைப் பற்றி. கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுவர். கற்கள் சதுரமாக இல்லை, வளைந்து வளைந்து ஒன்றின் விளிம்பு மற்றதில் பொருந்தி நிற்கின்றன. நிலநடுக்கப் பகுதியில் கோயில் விழுந்தது, இந்தச் சுவர் நின்றது. இதன் முகம் முழுவதும் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் கல்லின் சொரசொரப்பு என்றுதான் தோன்றும்.

மதிய வெயில் நேராக விழும்போது ஒன்றும் தெரியாது. இன்று மேகம் வேறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்தது, எழுத்துகள் வரிசையாக எழுந்து வந்தன. அருகில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள்.

அவை அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள். பெரும்பாலும் கி.மு. 200க்குப் பிறகு எழுதியவை. இந்தச் சுவரிலும் சுற்றியுள்ள கற்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விடுதலை பதிவாகியிருக்கிறது. முறை இதுதான்: அடிமைக்குச் சட்டப்படி ஒப்பந்தம் செய்யும் உரிமை கிடையாது. அதனால் எஜமான் அடிமையை அப்பல்லோவுக்கு விற்பதாக எழுதுவார்கள். விலைப் பணம் அடிமை சேர்த்தது, வாங்குவது கடவுள். இன்ன பெயருடைய பெண், பிறப்பால் சிரியாக்காரி, விலை இத்தனை மினா, இனி அவள் சுதந்திரமானவள், வாழ்நாள் முழுவதும் யாரும் அவளைப் பிடித்துக்கொள்ள முடியாது, சாட்சிகள் இன்னார். ஒரு மினா என்றால் 100 டிராக்மா. சாதாரண விலையே மூன்று, நான்கு மினா. எரெக்தியத்தின் கூலிக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு வருஷத்து உழைப்பு. சிரியா, திரேஸ் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். எத்தனை தூரத்திலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள்!

இது வரைக்கும் கேட்டால் நல்ல செய்தியாகத்தான் இருக்கும். பல பத்திரங்களில் இன்னொரு வரி உண்டு. எஜமான் சாகும்வரை அவள் கூடவே இருந்து, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். தவறினால் அடிக்கலாம். சிலவற்றில், முழு விடுதலைக்கு ஈடாக ஒரு குழந்தையை எஜமானுக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. பணம் கொடுத்து, கடவுளைச் சாட்சியாக வைத்து வாங்கிய விடுதலைக்குள் இப்படி ஒரு கதவு. அந்த வரியைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் அடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. பேராசிரியர் மட்டும், ஏன் கல்லில் எழுதினார்கள் என்று கேட்டார். நாளைக்கு எஜமானின் வாரிசு வந்து கையைப் பிடித்து இழுத்தால் காட்டுவதற்கு, என்றேன். நாடே வந்து போகிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற சுவரில் எழுதிய பெயரை மறுப்பது கஷ்டம்.

அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டியைப் பார்த்தோம். 1.80 மீட்டர் உயரம், கண் இமை மயிர்கூடச் செம்பில் செய்தது. அழகுதான். என் தலைக்குள் சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 21. சாலையில்

நாள் முழுவதும் பேருந்து. ரியோவுக்கும் அந்திரியோவுக்கும் இடையே கொரிந்து வளைகுடாவை 2004இல் திறந்த பாலத்தில் கடந்தோம். அடியில் பாறை எட்டவில்லை என்பதால், கடல்தரையைப் பலப்படுத்திச் சரளைப் படுகையின் மேல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். நிலம் நடுங்கினால் தூண்கள் சற்று வழுக்கிக்கொள்ளும்.

மார்ச் 22. ஒலிம்பியா

டெல்ஃபி மலை, ஒலிம்பியா சமவெளி. இரண்டு ஆறுகளின் வண்டல் இதை மூடிவைத்திருந்தது. ஜெர்மானியர்கள் 1875இல் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்ததெல்லாம் கிரேக்கத்திலேயே இருக்கும் என்ற ஒப்பந்தத்தோடுதான் தோண்டினார்கள்.

ஜீயஸ் கோயிலின் தூண் துண்டுகள் நிலநடுக்கத்தில் விழுந்த வரிசையிலேயே கிடக்கின்றன. விளையாட்டரங்குக்குப் போகும் வழியில் வெறும் பீடங்கள் ஒரு வரிசை. போட்டியில் ஏமாற்றியவர்களிடம் வாங்கிய அபராதத்தில் வெண்கல ஜீயஸ் சிலைகள் செய்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். முதல் ஆறு சிலைகளுக்குக் காரணம் கி.மு. 388இல் எதிராளிகளுக்கு லஞ்சம் கொடுத்த யூபோலோஸ் என்ற குத்துச்சண்டைக்காரர். ஓட வருகிற ஒவ்வொரு வீரனும் இந்தச் சிலைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அரங்கின் ஓடுபாதை 192 மீட்டர். எங்களில் பாதிப் பேர் ஓடினார்கள். நானும்.

பிடியாஸின் பட்டறை இருந்த இடத்தில் களிமண் அச்சுகள் கிடைத்தன. பொன்னும் தந்தமுமான ஜீயஸ் சிலையின் ஆடைக்கு வேண்டியவற்றை அவற்றில்தான் வார்த்தார்கள். சிலை போய்விட்டது, அச்சு இருக்கிறது. கூடவே ஒரு சின்னக் கறுப்புக் குவளை, அடியில் "நான் பிடியாஸுடையது" என்ற கீறல்.

மார்ச் 24. மைசீனி, நெமியா

மைசீனியின் சிங்க வாயில் கி.மு. 1250 அளவில் கட்டியது. அருகே அட்ரியஸ் கருவூலம் என்று அழைக்கப்படும் கல்லறையின் வாசல் மேல் கிடக்கும் உட்புறக் கல் சுமார் 120 டன். அதன் மேல் பாரம் இறங்காமல் இருக்க, ஒரு முக்கோண இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நின்று பேசினால், கவிழ்த்த பானைக்குள் பேசுவதுபோல் குரல் சுற்றிவருகிறது. இத்தனை பெரிய கல்லை ஏற்றியவர்களில் ஒருவர் பெயரும் இங்கே எழுதப்படவில்லை.

நெமியாவுக்குப் பிற்பகல் போனோம். கூட்டமே இல்லை. வீரர்கள் அரங்குக்குள் நுழைய ஒரு கல் சுரங்கப்பாதை, கி.மு. 320 அளவில் கட்டியது. தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சுவரில் கிறுக்கியிருக்கிறார்கள். ஒருவன் "அக்ரோடாடோஸ் அழகன்" என்று எழுத, இன்னொரு கை கீழே "எழுதியவனுக்கு" என்று சேர்த்திருக்கிறது. நாங்கள் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டோம். இன்னோர் இடத்தில் "நான் வெல்கிறேன்". அந்தப் பையன் வென்றானா இல்லையா என்று எங்கும் எழுதவில்லை. வெல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

மார்ச் 25. நாஃப்ப்ளியோ

கிரேக்க சுதந்திர நாள். தொல்லியல் இடங்கள் எல்லாம் மூடியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் நீலம் வெள்ளையில் அணிவகுத்துப் போனார்கள். இன்றைக்கு இங்கே எல்லா வீட்டிலும் பொரித்த காட் மீனும் பூண்டு மசியலும். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "பூண்டு நிறைய போட்டாங்களா? சளிக்கு நல்லது, சாப்பிடும்மா" என்றாள்.

மார்ச் 26. எபிடாரஸ்

55 படி வரிசை கொண்ட அரங்கு. நடுவில் நாணயத்தைப் போட்டால் கடைசிப் படிவரை கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நாங்கள் போட்டுப் பார்த்தோம், மேலே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் தெளிவாகப் பேசினால் வார்த்தை வார்த்தையாகப் போய்ச் சேர்கிறது.

இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். அஸ்கிலிபியஸ் கோயிலில் படுத்து உறங்கினால் கனவில் கடவுள் வந்து குணமாக்குவார். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஓர் அடிமையின் கதையும் உண்டு. எஜமானின் குவளையை வழியில் உடைத்துவிட்டு, துண்டுகளை ஒட்டவைக்க முயன்று தவித்தான். அவ்வழியே வந்தவன், அஸ்கிலிபியஸாலேயே இதைச் சரிசெய்ய முடியாது என்றான். கோயிலில் போய்ப் பையைத் திறந்தால் குவளை முழுதாக இருந்தது. கண் தெரியாதவர்கள், நடக்க முடியாதவர்கள் கதைகளுக்கு நடுவில் இது. அடி விழும் என்ற பயமும் ஒரு நோயாகவே அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது.

மார்ச் 28. தோரிகோஸ், லாவ்ரியோ

அட்டிக்காவின் தென்கிழக்கு முனை. ஏதென்ஸின் வெள்ளி இங்கிருந்துதான் வந்தது. சலாமிஸில் போரிட்ட கப்பல்களுக்கான பணமும் இந்த மலையிலிருந்துதான். தோரிகோஸில் ஒரு பழைய அரங்கு, பக்கத்திலேயே சுரங்க வாய். கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தோம். பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத குடைவுகள், மனிதன் தவழ்ந்துதான் வெட்ட முடியும். நிகியாஸ் என்ற தளபதி தன் 1,000 அடிமைகளை, தலைக்கு நாளொன்றுக்கு ஒரு ஒபோல் என்று, சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் எழுதுகிறார். ஒரு டிராக்மாவில் ஆறு ஒபோல். எரெக்தியத்தில் சிண்ட்ரோன் பெயரில் எழுதிய அந்த டிராக்மாவின் வெள்ளி இப்படித்தான் மேலே வந்தது.

இன்று பேசியவள் துருக்கியின் கருங்கடல் கரையிலிருந்து வந்து எங்களோடு படிப்பவள். லாவ்ரியோ பகுதியில் கிடைத்த ஒரு கல்லறைப் பாட்டை மனப்பாடமாகச் சொன்னாள். அட்டோடாஸ், சுரங்கக்காரன், கருங்கடலோரத்துப் பாஃப்லகோனியாக்காரன், தன் மண்ணுக்கு வெகு தொலைவில் உழைப்பிலிருந்து உடலை ஓய்வித்துக்கொண்டான். தொழில்திறமையில் என்னோடு போட்டிபோட ஆளில்லை. அக்கிலிஸின் கையால் மடிந்த பிலைமினிஸ் வழிவந்தவன் நான். இவ்வளவுதான் பாட்டு. (அக்கிலிஸும் பிலைமினிஸும் ட்ராய் போர்க்கதையின் வீரர்கள்.) தான் பிறந்த ஊர் பழைய பாஃப்லகோனியாவுக்குள்தான் வருகிறது என்றாள்.

பேச்சு முடிந்ததும் ஒருவன் கேட்டான்: அட்டோடாஸ் அடிமையா, விடுதலை பெற்றவனா? கல்லில் அது இல்லை என்றாள். தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியது தொழில், ஊர், குலம் என்று அவன் முடிவுசெய்திருக்கிறான், மற்றதைச் சொல்லவில்லை. பயண அறிக்கைக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பை இன்று இரவு பேராசிரியருக்கு எழுதிவிட்டேன்: எரெக்தியக் கணக்கில் உள்ள அடிமைகள், ஒவ்வொருவரும் எந்த வேலை செய்தார் என்று பெயர் பெயராக.