வேர்க்காட்டிலிருந்து வேளாங்கண்ணி: சைக்கிள் நேர்ச்சை

பிள்ளைக்கு விடாத காய்ச்சல் விட்டதற்கு, கடலுக்குப் போனவர் கரை சேர்ந்ததற்கு என்று வேளாங்கண்ணி மாதாவிடம் சைக்கிளில் வருவதாக நேர்ச்சை வைத்தவர்கள் நம் கடற்கரையில் நிறைய. நேர்ந்துவிட்டால் கால் பரபரக்கும். ஆனால் வண்டியைச் சரிபார்க்காமல் கிளம்பினால் வழியெல்லாம் செபமாலை பையில் கிடக்கும், கையில் ஸ்பானர்தான் இருக்கும்.

புறப்பட ஏற்ற இடம் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் (அப்போஸ்தலர் யாக்கோபு) ஆலயம். யாத்திரிகருக்குப் பாதுகாவலர் அவர்தானே. ஸ்பெயினில் இதே அப்போஸ்தலரின் பேராலயத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் கடைசி 200 கிலோமீட்டராவது மிதித்திருந்தால்தான் யாத்திரைச் சான்று தருவார்கள். வேர்க்காட்டிலிருந்து ஓரியூர் வழியாக வேளாங்கண்ணி ஏறக்குறைய 250.

ஆகஸ்ட் 29 மாலைக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் 26 விடியற்காலையில் கிளம்ப வேண்டும். நான்கு நாள். முதல் நாள் தேவிபட்டினத்தோடு நிறுத்துங்கள், 60 கிலோமீட்டர்தான் வரும். குறைவென்று நினைக்க வேண்டாம். அந்த மாதத்தில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை மேற்கு நோக்கிப் போவதால் காற்று முகத்தில்தான். ஊர் தாண்டி வடக்கே திரும்பியதும் அதே காற்று முதுகைத் தள்ளும். இரண்டாம் நாள் உப்பூர், தொண்டி வழியாக ஓரியூர். மூன்றாம் நாள் அதிராம்பட்டினம். நான்காம் நாள் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, பிறகு மாதா வாசல்.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் கவனம் வேண்டும். பாலத்து இணைப்பு இரும்புகளைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வழுக்கும்; நேர்க்கோட்டில் கடக்க வேண்டும். பக்கவாட்டுக் காற்று கைப்பிடியைத் திருப்பப் பார்க்கும். போதாததற்கு, நடுப்பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கிற கூட்டம் வேறு. ஒதுங்க இடமில்லாமல் நேர்ச்சைக்காரர்கள் படும் பாடு அவர்களுக்கு எங்கே தெரிகிறது! விடிந்ததும் பாலத்தைக் கடந்துவிடுவதே நல்லது.

ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிளுக்குச் சத்துரு சீமைக்கருவேல முள். பஞ்சர் ஒட்டிய பத்து நிமிஷத்தில் மறுபடி காற்று இறங்கினால் சொல்யூஷனைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கும். டயரின் உட்பக்கத்தைப் பழைய துணியால் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். துணி நூல் எங்கே மாட்டி இழுக்கிறதோ அங்கேதான் முள். விரலால் தேடினால் விரல் கிழியும். வெளியிலிருந்து குத்தித் தள்ளி, உள்ளேயிருந்து குறட்டால் பிடுங்குங்கள். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் பூசி, ஐந்து நிமிஷம் காயவிட்டு அதன்பின் ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் வெயிலில் ஒட்டு நகர்ந்துவிடும்.

ஆளுக்கு ஒரு மாற்று டியூப், இரண்டு வால்டியூப், நான்கு பேருக்கு ஒரு பம்பு. பழைய கம்பி பிரேக் வண்டி என்றால் இரண்டு காட்டர் பின், அதாவது பெடல் கட்டையை அச்சோடு இறுக்கும் ஆப்பு. அது தேய்ந்தால் பெடல் ஒவ்வொரு சுற்றிலும் டக்கென்று தள்ளும், முழங்கால் போய்விடும். உப்புக்காற்றில் செயின் ஓரிரு நாளில் துருப்பிடிக்கும். ராத்திரி துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழிய விட்டால் மணல் ஒட்டிப் பல்லை அரைக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட்டு உயரம் அவ்வளவுதான். கடலோரத்தில் பல ஊர்த் தண்ணீர் உவர்ப்பு. ஆளுக்கு இரண்டு லிட்டர், கூடவே எலுமிச்சம்பழமும் உப்பும்.

மாதாவைப் பார்க்கும் அவசரத்தில் ஓரியூரைக் கும்பிடு போட்டுக் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஸ்.பி.பட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் பாம்பாற்றங்கரை. 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். லிஸ்பனில் பிறந்து, காவி உடுத்தி, நம் பாஷையில் வேதம் சொன்ன அருளானந்தரை (ஜான் தெ பிரிட்டோ) அன்றுதான் இங்கே வெட்டினார்கள். கிழவன் சேதுபதி காலம். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. கொலைக்களத்து மண் செக்கச்செவேலென்று இருக்கும். வெறுங்காலோடு நில்லுங்கள். இரண்டு நாள் மிதித்த கால் அந்த மண்ணில் பட்டதும் உடம்பு நடுங்கும். அது களைப்பில்லை. ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டை முனையில் முடிந்துகொள்ளும்போது தானாகவே பேச்சு நின்றுபோகும். பிள்ளை வரம் கேட்டு அந்த மண்ணை நெற்றியில் பூசும் தாய்மாரைப் பாருங்கள். நம் கால்வலி எம்மாத்திரம், சுவாமி!

அன்றிரவு தங்குவதற்குப் பங்குச்சாமியிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். இருட்டில் சாலையில் இறங்கக் கூடாது. மீன் லாரிகள் பறக்கும்.

வேளாங்கண்ணி எல்லையிலேயே ரூம் புரோக்கர்கள் கைப்பிடியைப் பிடிப்பார்கள். மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு விலை சொல்வார்கள். யாத்திரிகரிடம் இப்படிப் பிடுங்குவது பாவம். நிற்காமல், "மரியே வாழ்க" என்று சொல்லிக்கொண்டே தள்ளிப் போங்கள். வண்டிகளைச் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, ஒருவர் காவல் இருக்க மற்றவர்கள் முறைவைத்துப் போகலாம்.

நெரிசலில் மாதாவின் முகம் சில வினாடிதான் தெரியும். ஓரியூர் மண் முடிந்த கைக்குட்டையைக் கையில் பிடித்திருங்கள். கேட்க வேண்டும் என்று சேர்த்துவைத்ததெல்லாம் மறந்துபோகும். ஆரோக்கியத் தாயே, முள்ளிலிருந்தும் லாரியிலிருந்தும் காத்தாயே, காய்ச்சலில் கிடந்த பிள்ளையை எழுப்பிக் கொடுத்தாயே, காற்றை முதுகுப் பக்கம் திருப்பி எங்களை உன் வாசலில் கொண்டுவந்து விட்டாயே, உமக்கு நன்றி தாயே, நன்றி, நன்றி.