ஒரே இரவில் இரண்டு சேர்வர்களிலும் அழிந்த படங்கள்

எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசித் திருக்குளிர்த்திச் சடங்கின் படங்களையும், அதில் பாடப்படும் ஏடுகளின் ஸ்கான் பிரதிகளையும் வைத்திருக்கும் இணையத்தளத்தை நான் மட்டக்களப்பிலிருந்து பராமரித்து வருகிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு பெட்டகத்து ஏடுகளும் போயின என்று அம்மம்மா சொல்லக் கேட்டு வளர்ந்ததால், எல்லாவற்றையும் இரண்டு நாடுகளிலுள்ள இரண்டு சேர்வர்களில் வைத்து, தினமும் இரவு 1 மணிக்கு ஆர்சிங்க் (rsync) என்ற மென்பொருள் மூலம் ஒத்திசைத்தேன்.

1996இல் அண்ட்ரூ ட்ரிட்ஜலும் போல் மக்கராஸும் வெளியிட்ட இந்த மென்பொருள், அளவும் திருத்திய நேரமும் மாறாத கோப்பைத் தொடுவதில்லை. மாறிய கோப்பிலும், இரு பக்கத்துத் துண்டுகளையும் ஒப்பிட்டு, வேறுபட்ட பகுதியை மட்டுமே அனுப்புகிறது.

ஒரு மாலை, வெறுமையான கோப்புறை என்று எண்ணி, படங்கள் இருந்த கோப்புறையை முதல் சேர்வரில் அழித்துவிட்டேன். மூலத்தில் இல்லாததை மறுபக்கத்திலும் நீக்கும் ‘டிலீட்’ தெரிவை நானே சேர்த்திருந்தபடியால், அன்றிரவே இரண்டாவது சேர்வரிலும் அவை அழிந்தன. மூன்று நாள் கழித்தே அதைக் கண்டேன். பழைய வன்தட்டொன்றிலிருந்து பெரும்பகுதி மீண்டது; கடைசி இரண்டு மாதங்களில் சேர்த்த படங்களுக்காக, அவற்றைத் தந்த வீடுகளுக்கு மீண்டும் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. களுவாஞ்சிகுடியில் ஓர் அம்மா அல்பத்தைத் திறந்தபோது, நான் ஏற்கனவே ஸ்கான் செய்திருந்த படமொன்றின் முகங்களைக் கறையான் அரித்திருந்தது. அந்த முகங்கள் இனி எங்கும் இல்லை.

இப்போது இரண்டாவது சேர்வரே முதலாவதிலிருந்து இழுத்துக்கொள்கிறது; முதலாவதற்கு அங்கே எழுதவோ அழிக்கவோ அனுமதி இல்லை. ‘லிங்க்-டெஸ்ட்’ தெரிவால் நாளொன்றுக்கு ஒரு திகதியிட்ட கோப்புறை உருவாகிறது. மாறாத கோப்பு மீண்டும் நகலெடுக்கப்படாமல், முந்தைய நாளின் அதே தரவுக்கு இன்னொரு பெயராக நிற்பதால், 30 நாள் கோப்புறைகளும் ஒரு முழு நகலைவிடச் சற்றே கூடுதலான இடத்தையே எடுக்கின்றன. ஆனால் முப்பது பெயருக்கும் பின்னால் இருப்பது ஒரே தரவு என்பதால், அந்த வட்டு பழுதானால் முப்பதும் சேர்ந்தே போகும். ஆகவே வீட்டில் தனி வன்தட்டும் வைத்திருக்கிறேன். தரவுத்தளத்தை, ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பாக நகலெடுக்காமல், அதன் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாக எழுதித்தரும் மைஎஸ்கியூஎல்-டம்ப் (mysqldump) என்ற கருவி மூலம் எடுத்த பிறகே அனுப்புகிறேன். கட்டளையை மாற்றும் ஒவ்வொரு முறையும், எதையும் செய்யாமல் செய்யப்போவதை மட்டும் காட்டும் ‘ட்ரை-ரன்’ பட்டியலை முழுதாக வாசிக்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஏதோ ஒரு திகதியின் கோப்புறையை மடிக்கணினிக்கு இறக்கி, தளத்தை அதில் ஓடவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.