பிராங்ஹார்ன் வேட்டை: வாசலில் நின்றே கழிந்த இரண்டு நாட்கள்

பிராங்ஹார்ன் என்ற வட அமெரிக்கப் புல்வெளி மானை வேட்டையாட, குலுக்கலில் அமெரிக்காவின் வயோமிங் மாநில உரிமம் விழுந்தது, துப்பாக்கியைக் குறிபார்த்துச் சரிசெய்தது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அம்மாநிலத்தின் காஸ்பர் நகருக்கு வடக்கே போய் இறங்கிய பிறகுதான் தொல்லை தொடங்கியது.

"அங்கே அரசு நிலம் ஏராளம்" என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். நிலம் இருந்தது. ஆனால் சாலையிலிருந்து அதற்குப் போக வழியில்லை. சுற்றிலும் தனியார் பண்ணைகள். எந்தெந்தப் பகுதிகளில் அரசு நிலத்தை எட்டுவது கடினம் என்று மாநில வேட்டைத் துறையே விண்ணப்பத்தோடு எச்சரிக்கிறது. அதைப் படிக்காமல் விட்டது என் தவறு. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. வேலிக்கு அப்பால் நூறு மான்கள் மேய, இரண்டு நாட்கள் பண்ணை வாசல்களில் நின்றேன். நான்காவது பண்ணைக்காரர்தான் மனம் இரங்கினார். அனுமதியை எழுதி, கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி உள்ளே போகாதீர்கள்.

மூன்றாம் நாள் காலை, மேட்டுக்கு மேல் தலையைத் தூக்கிய நொடியில் கூட்டம் முழுவதும் பறந்துவிட்டது. பிராங்ஹார்னின் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஓட்டத்தில் வட அமெரிக்காவிலேயே அதை மிஞ்ச விலங்கு கிடையாது. பிற்பகலில் ஓர் ஓடைப் பள்ளத்தைப் பிடித்து, பிறகு சேஜ் புதர்களுக்கிடையே வயிற்றால் ஊர்ந்தேன். முழங்கால் உறை இல்லாமல் போகவே போகாதீர்கள்: தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. இரவு வரை முள் பிடுங்கினேன். கானல் அலையடித்ததால் தொலைவில் சுட மனம் வரவில்லை. இருநூறு மீட்டருக்குள் வந்த ஆண் மான் பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். தோளுக்குப் பின்னால் ஒரே குண்டு. சில அடிகளில் விழுந்தது. என் கை நடுங்கியது.

உரிமத்தோடு வரும் கூப்பனில் (வேட்டையாடிய விலங்கின் உடலில் கட்டும் சீட்டு) தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு உடலில் கட்டிய பிறகே இடத்தைவிட்டு நகர வேண்டும். அடுத்து வெயிலோடு போட்டி. செப்டம்பரில் அங்கே பகல் சூடு குறையாது. உடனே குடல் நீக்கித் தோலுரித்து, இறைச்சியை ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். கவிச்சை அடிக்கிறது என்று இந்த இறைச்சியைப் பழிப்பவர்களில் பலர் மானை வண்டியின் பின்புறம் வெயிலில் போட்டு ஊர்சுற்றியவர்கள். எங்கள் வீட்டில் குழந்தைகள்கூட இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

கிளம்பும்போது பண்ணைக்காரருக்கு ஒரு பின்தொடையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அடுத்த முறை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கூப்பிடுங்கள்" என்றார்.