மருந்தடிக்கப் போகுமுன் குளிசை போடலாமா?

நுவரெலியாப் பக்கத்தில் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மருந்தடிக்கும் அண்ணன்மார் சிலர், நான் மருந்தியல் படித்தவள் என்பதால், மருந்தின் நஞ்சு உடம்பைத் தாக்காதிருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் குளிசை ஏதும் உண்டா என்று கேட்பதுண்டு. அத்தகைய குளிசை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் போடவே கூடாது.

பயிருக்கு அடிக்கும் ஒர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிகொல்லிகளும் போருக்கென ஆக்கப்பட்ட நரம்பு நச்சுகளும் ஒரே குடும்பத்தவை. 1936இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிகொல்லி தேடியபோதுதான் டாபுன் என்ற நச்சு கிடைத்தது. நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் விடுக்கும் செய்தியை முடித்துவைக்கும் அசெற்றைல்கோலினெஸ்தரேசு என்னும் நொதியை இவை முடக்குவதால், கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கி, எச்சில் வழிந்து, மூச்சுக்குழாய்களில் சளி நிரம்பி, இறுதியில் மூச்சுத் தசைகளே ஓய்ந்துவிடுகின்றன. சோமன் என்ற நச்சோ நொதியைப் பற்றிய சில நிமிடங்களில் அப்பிணைப்பை இறுக்கிவிடுகிறது. அதன்பின், நொதியை விடுவிக்கும் மாற்றுமருந்தான பிரலிடொக்சைம் கொடுத்தும் நொதியை மீட்க முடியாது.

இதற்காகவே, நான் முதலில் சொன்ன குளிசையான பிரிடோஸ்டிக்மின் ஆராயப்பட்டது. அது நொதியில் 20 முதல் 40 சதவீதத்தை முன்னதாகவே தற்காலிகமாகப் பிடித்துவைப்பதால், அந்தப் பங்கைச் சோமனால் தொட முடிவதில்லை. பின்னர் அது தானாக விலக, நொதி மீண்டும் வேலை செய்கிறது. குரங்குகளிலும் கினிப்பன்றிகளிலும் நன்கு காத்த இம்மருந்து, எலிகளிலும் சுண்டெலிகளிலும் சொற்ப பலனே தந்தது. எலிகளின் குருதியில் மிகுந்துள்ள கார்பொக்சிலெஸ்தரேசு என்ற நொதி நச்சின் பெரும்பகுதியைத் தானே உறிஞ்சிவிடுவதால், மருந்தின் பலன் அங்கே தெரிவதில்லை. மனிதக் குருதியில் அந்தக் காப்பு இல்லை. எலிகளை மட்டும் நம்பியிருந்தால் இந்த மருந்தே கைவிடப்பட்டிருக்கும் என்பதால், எந்த விலங்கில் சோதித்தார்கள் என்பதையே நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். மனிதருக்கு நச்சூட்டிச் சோதிப்பது அறமாகாது என்பதால், 2003இல் அமெரிக்க மருந்து நிருவாகம் விலங்குச் சான்றுகளைக் கொண்டே, இராணுவத்தினருக்கு, சோமனுக்கு எதிராக மட்டுமென இதை அனுமதித்தது.

அப்போதும் குளிசை தனித்துக் காப்பதில்லை. நச்சுத் தாக்கியவுடன் மாற்றுமருந்துகளான அத்ரோபினும் பிரலிடொக்சைமும் ஏற்றியாக வேண்டும். குளிசை மூளைக்குள் எளிதில் புகாததால் வலிப்பையும் தடுக்காது.

நாள்தோறும் மருந்தடிப்பவரின் நொதி ஏற்கெனவே குறைந்திருக்கக்கூடும். அதில் இன்னொரு பங்கையும் குளிசையால் முடக்குவது அவருக்குத் தீங்கே செய்யும். கையுறையும், நனைந்த உடுப்பை உடனே களைந்து சவர்க்காரமிட்டுக் குளிப்பதுமே அவருக்கான முற்காப்பு. இரத்தத்தில் இந்த நொதியின் (கோலினெஸ்தரேசு) அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், வசதியுள்ளவர்கள் மருந்தடிக்கும் பருவம் தொடங்குமுன்பே ஒருமுறை இரத்தம் சோதித்து அந்த அளவைக் குறித்துவைத்தால், பிறகு தலைசுற்றலோ கண்மங்கலோ வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க டொக்டருக்கு உதவும்.