சிவப்பு போன பிறகு

சிவந்த கண்ணோடு வருபவர்களைப் பற்றி எங்கள் கிளினிக்கில் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. வலி இருக்கிறது, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதனால் சொன்ன நேரத்துக்கு வருவார்கள், சொன்ன மருந்தை விடுவார்கள். சிவப்பு போன பிறகு வராமல் நின்றுவிடுகிறவர்கள்தான் எங்களுக்குத் தலைவலி.

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் கண் பிரிவில் நான் நர்ஸ். பார்வை அளவு எடுப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவது இதெல்லாம் அன்றாட வேலை. தமிழ் மட்டும் தெரிந்தவர் வந்தால் டாக்டர் அறையிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் போய், ஐரைட்டிஸ் என்ற இந்தக் கண் நோயைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். (கீழே வரும் ஆட்களின் ஊரையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் பாப்பாவைச் சுற்றி ஒரு நிற வளையம் இருக்கிறதல்லவா, அதுதான் ஐரிஸ். அது அழற்சியால் வீங்குவதுதான் ஐரைட்டிஸ். முன்பக்க யுவைட்டிஸ் என்றும் டாக்டர்கள் எழுதுவார்கள். நம் ஆட்கள் இதை மெட்ராஸ் ஐ என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வரும்முன் விளக்கெண்ணெய், தாய்ப்பால், உடம்புச் சூடு குறைய எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், அடுத்தவருக்கு ஒட்டும். இதில் பீளை இருக்காது, ஒட்டவும் ஒட்டாது. கருவிழியின் ஓரத்தைச் சுற்றித்தான் சிவப்பு அதிகமாக இருக்கும். உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு வலி, பார்வையில் ஒரு மங்கல்.

இந்த வலி விசித்திரமானது. நல்ல கண்ணில் டார்ச் அடித்தாலும் கெட்ட கண் வலிக்கும். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு பாப்பாவும் சேர்ந்தே சுருங்கும். வீங்கிய ஐரிஸ் அசையும்போது வலி வருகிறது. ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டர் தம்பி ஒருவர் வந்தார். வெல்டிங் வெளிச்சம் பட்டிருக்கும், ஒரு நாளில் சரியாகிவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். வெல்டிங் வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் பாதிக்கும், மணல் விழுந்தது போல உறுத்தும், ஓரிரு நாளில் அடங்கும். இவருக்கு ஒரு கண்தான், அதுவும் ஒரு வாரமாக. நல்ல கண்ணில் டாக்டர் வெளிச்சம் காட்டியதும் மறு கண்ணைப் பொத்திக்கொண்டார். "நடிக்கிறேன்னு சொன்னாங்க அக்கா" என்றார் என்னிடம். கூட வந்திருந்த கம்பெனி ஆள் அதைப் பார்த்தது எனக்கு உள்ளூரத் திருப்தி.

டாக்டர் நோயை அளப்பது ஸ்லிட் லேம்ப் என்ற கருவியில். ஸ்வீடன் நாட்டு குல்ஸ்ட்ராண்ட் 1911இல் கொண்டுவந்தது. அடிப்படை இன்னும் மாறவில்லை. அறையை இருட்டாக்கி, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். கருவிழிக்கும் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியா) ஐரிஸுக்கும் நடுவில் இருக்கும் தெளிந்த நீரில் அழற்சி அணுக்கள் மிதப்பது அப்போது தெரியும். ஓட்டு வீட்டில் கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தூசி பறக்குமே, அப்படி. ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் ஒளியில் எத்தனை அணு என்று எண்ணித் தரம் போடுவார்கள்: 6 முதல் 15 வரை இருந்தால் 1+, ஐம்பதைத் தாண்டினால் 4+. பல நாடுகளில் இந்தக் கணக்குதான், 2005இல் வெளியானது. கண்ணாடியில் முகம் பார்க்கும் நோயாளிக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குச் சிவப்பு ஒன்றுதான் சாட்சி. நாங்கள் அந்தச் சாட்சியை நம்புவதில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் எங்கள் பிழைப்பு நடக்காது.

மருந்து பெரும்பாலும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு. முதலில் மணிக்கு ஒரு தடவை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வாரக்கணக்கில் போகும். கூடவே பாப்பாவை விரிக்கும் சொட்டு. இரண்டையும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் மருந்து பால் போல இருக்கும், மருந்து அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீரைத்தான் விடுகிறீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். இரண்டு சொட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். நோன்பு மாதத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், பகலில் தொண்டையில் கசப்பு தட்டுகிறதே என்று சொட்டையே நிறுத்தியிருந்தார். அழுத்திக்கொள்ளும் முறையைக் காட்டினேன். தன் பள்ளிவாசலிலும் கேட்டு, விடலாம் என்று பதில் வாங்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்கினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மற்றவர்கள் நிறுத்தியதைச் சொல்வதே இல்லை, "விட்டேன் மிஸ்ஸி, விட்டேன்" என்பார்கள். பாட்டில் நிறைய இருக்கும்.

பாப்பாவை விரிக்கும் சொட்டைத்தான் பலர் முதலில் கைவிடுவது. அட்ரோபின் என்றால் விளைவு ஒரு வாரத்துக்கும் மேல் நிற்கும். போன் எழுத்து தெரியாது, வெயில் கூசும். வலிக்குத்தானே கொடுத்தார்கள், இப்போதுதான் வலி இல்லையே என்ற நியாயம். ஆனால் வீங்கிய ஐரிஸ் பின்னால் இருக்கும் லென்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பாப்பா வட்டமாக விரியாது, கோணல்மாணலாக நிற்கும். சுற்றிலும் ஒட்டினால் கண் நீர் முன்னால் வர வழியில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

ஸ்டீராய்டைப் பற்றி நம் ஆட்களுக்கு இரண்டு கருத்துதான். ஒன்று, விஷம், தொடவே கூடாது. இல்லாவிட்டால், போன தடவை நன்றாகக் கேட்டது, மிச்சம் இருக்கிறது, நாமே விட்டுக்கொள்வோம். இரண்டாவதுதான் எனக்குப் பயம். நீண்ட நாள் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும். அழுத்தம் ஏறுவது வலிக்காது, சிவக்காது. திடீரென்று நிறுத்தினாலோ அழற்சி முன்னைவிட வேகமாகத் திரும்பும். அதனால்தான் மருந்து விடும்போதும் வர வேண்டும், குறைக்கும்போதும் வர வேண்டும். மருந்தை நிறுத்தி மூன்று மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்தால் அது நாள்பட்ட வகை.

குழந்தைகள் விஷயம் இன்னும் கஷ்டம். சிறு வயதில் மூட்டு வீங்கும் ஒரு வகை வாதம் உண்டு. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஐரைட்டிஸும் வரும், ஆனால் கண் கொஞ்சம்கூடச் சிவக்காது, வலிக்காது. கெட்டபிறகுதான் தெரியும். அதனால் முழங்கால் வீக்கத்துக்கு மருந்து சாப்பிடும் பிள்ளையைச் சில மாதத்துக்கு ஒரு தடவை கண் பார்க்க வரச் சொல்வார்கள். ஓர் அம்மா ஒவ்வொரு முறையும் என்னிடம் சண்டை போடுவார்: பிள்ளை பளிச்சென்று பார்க்கிறாள், பள்ளிக்கு லீவு போட வைக்கிறீர்களே என்று. அவர் கேட்பதும் நியாயம்தான், அவரும் வேலைக்கு லீவு போட்டுத்தானே வருகிறார். நான் பதில் பேசுவதில்லை. டாக்டரிடம் கேட்டு, ஸ்லிட் லேம்ப் படத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். அதற்கப்புறம் சண்டை குறைந்தது.

கண் வெள்ளையாகவே இருந்து அழுத்தம் மட்டும் எகிறும் இன்னொரு வகையும் உண்டு. அழுத்தம் 40, 50 என்று காட்டும்; அவரோ லேசாக மங்குகிறது என்றுதான் சொல்வார். 1948இல் போஸ்னர், ஷ்லாஸ்மன் என்ற இரண்டு டாக்டர்கள் இதை எழுதிவைத்தார்கள். இதில் பலருக்குக் காரணம் சைட்டோமெகலோ என்ற வைரஸ். நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்கும் அது கண்ணில் வரும் என்று சிங்கப்பூர் தேசியக் கண் மையத்து மருத்துவர்கள் 2008இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கண் நீரைத் துளி எடுத்துப் பார்த்தால் தெரியும். மருந்தும் வேறு.

காரணம் தேடும் நாளில் கேட்கப்படும் கேள்விகளைத் தமிழில் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வரும். கண்ணுக்கு வந்தவரிடம், காலையில் எழுந்ததும் முதுகு பிடித்துக்கொள்கிறதா, நடந்தால் சரியாகிறதா என்று கேட்கிறோம். எச்எல்ஏ-பி27 என்ற மரபணு உள்ள இளவட்டங்களுக்கு முதுகெலும்பு வாதமும் ஐரைட்டிஸும் சேர்ந்து வருவதுண்டு. "டைல்ஸ் தூக்குற வேலைக்கா, முதுகு வலிக்காம என்ன செய்யும்?" என்றார் ஒருவர். சரியான கேள்விதான். வேலை செய்து வரும் வலி ஓய்வெடுத்தால் குறையும், இந்த வலி ஓய்வெடுத்தால்தான் கூடும்.

அப்புறம் காசநோய்ச் சோதனை. அந்த வார்த்தையைச் சொன்னதும் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் முகம் வெளுத்துவிடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. சோதனை பாசிட்டிவ் என்றாலே நோய் இருக்கிறது, பரப்புகிறார் என்று அர்த்தமில்லை. இதைச் சொல்ல டாக்டரைவிட எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. ஊரில் வயலில் இறங்கினீர்களா என்றும் சில டாக்டர்கள் கேட்பார்கள். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கம் எலிக்காய்ச்சல் கிருமியால் நிறையப் பேருக்கு யுவைட்டிஸ் வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு தேடியும் பலருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் எல்லோரும் சிரமப்படுகிறார்கள்.

சிங்கப்பூரில் எம்.சி. (டாக்டர் தரும் விடுப்புச் சான்றிதழ்) இல்லாமல் நோய் இல்லை. கண் சிவந்த வாரம் எம்.சி.க்குக் கேள்வி கிடையாது. சிவப்பு போன பிறகு, "இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று ஆரம்பிப்பார்கள். வெல்டர் தம்பிக்கு அதுதான் நடந்தது. அட்ரோபின் விட்ட கண்ணோடு உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் தனியாக எழுதிக்கொடுத்தார். அதைக் கம்பெனி மதித்தது. ஆனால் மருந்து குறைக்கும் காலத்து வருகைகளுக்கு அவர் ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு தடவை வரவில்லை, அடுத்து வந்தபோது அணுக்களின் தரம் 2+. சொட்டு மறுபடி மணிக்கு ஒன்று. சூப்பர்வைசரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், எனக்குப் புரிந்தது. எழுத்தில் கொடுத்தால் அவர் கேட்க வேண்டியதில்லையே என்று, வர வேண்டிய தேதிகளை எல்லாம் முன்கூட்டியே ஒரே கடிதத்தில் எழுதித்தரும்படி டாக்டரிடம் கேட்டேன். இப்போது இந்த நோய்க்கு வரும் வேலையாட்கள் எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். சில முதலாளிகள் அதையும் மதிப்பதில்லை.

நாள்பட்ட வகையோடு பல வருடமாக வரும் ஒரு டாக்ஸி அண்ணன் இருக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு சொட்டு, அவ்வளவுதான். அதையும் நிறுத்திப் பார்த்தார்கள், திரும்ப வந்தது. கண்புரை அறுவை சிகிச்சைக்கே மூன்று மாதம் கண் முழுசாக அடங்கியிருக்க வேண்டும் என்று காத்திருந்து செய்துகொண்டவர். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி வைப்பார், ஒரு மாதமானால் தூக்கிப் போட்டுவிடுவார். பாப்பாவை விரிக்கும் நாளில் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு எம்ஆர்டி ரயிலில் வருவார். போன தடவை அவருக்கு விழுந்த அடுத்த தேதி தைப்பூசத்தன்று. இங்கே அன்று விடுமுறை கிடையாது, கிளினிக் உண்டு. "பால்குடம் இருக்கும்மா, மாத்திக் குடு, ஆனா தள்ளிப் போடாதே, முன்னாடி வாரமே போடு" என்றார். முன் வாரத்தில் செவ்வாய்க்கிழமை காலை ஓர் இடம் காலியாக இருந்தது, போட்டுக் கொடுத்தேன்.