அத்தை கோத்த அந்தாதி

அத்தை போய் வருஷாப்திகம் முடியட்டும், அதுவரை வேண்டுதல் எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்தப் பங்குனி சுவாதிக்குத்தான் திருவாலங்காடு போக முடிந்தது. வேண்டுதல் அத்தையுடையது. சிவனிடம் கேட்டுப் பேய் வடிவம் பெற்ற நாயன்மார் காரைக்கால் அம்மையாரின் குருபூஜையன்று ரயிலடியிலிருந்து செருப்பில்லாமல் நடந்து போய், நடராஜர் ஆடுகிற ரத்தின சபையின் முன்னால் அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதி 101 பாட்டையும் பாட வேண்டும். அத்தைக்குக் கால் நடக்காமல் போன பிறகு, "நீ போயிட்டு வாடி" என்று என்னிடம் ஒப்படைத்தது.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. மாயவரத்திலிருந்து காரைக்காலுக்கு டிவிஎஸ் 50-ல் தனியாகப் போய், ஆனிப் பௌர்ணமி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழத்தை முந்தானையில் பிடித்துக்கொண்டு வருவார். அறுபது வயதுக்கு மேல் பர்வதமலை ஏறினார், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ராத்திரியில். கயிலாயம் போக பாஸ்போர்ட்கூட வாங்கி வைத்திருந்தார். மூச்சிரைப்பு வந்து டாக்டர் மலையே கூடாது என்றதும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே, "கயிலாயத்துக்குப் போன அம்மையாரையே சுவாமி ஆலங்காட்டுக்குத்தானே போகச் சொன்னார், நமக்கும் அதுதான்" என்றார். அந்த பாஸ்போர்ட்டில் கடைசிவரை ஒரு முத்திரைகூட விழவில்லை.

கை அவருக்குச் சும்மா இருக்காது. கொலுவுக்குக் காகிதக் கூழில் பொம்மை செய்வார், பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் அரைத்துச் சேர்த்து. ஒரு வருஷம் அம்மையாரைச் செய்தார். வற்றிய உடம்பு, கையில் தாளம். விலா எலும்புக்கு ஈர்க்குச்சியைச் சீவிச் சீவி ஒவ்வொன்றாகப் பதித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "கொலுவில் பேயை வைப்பாளா ஒருத்தி?" என்று பாட்டி கத்தினார். "சிவனே அம்மைன்னு கூப்பிட்ட பேய் அம்மா" என்று சொல்லி நடுப்படியில் வைத்தார். அம்மையாரே தன்னைக் காரைக்கால் பேய் என்றுதானே பாடியிருக்கிறார்.

சென்னையிலிருந்து அரக்கோணம் வண்டியில் போய்த் திருவாலங்காடு ஸ்டேஷனில் இறங்கியபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. கோயில் ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். அம்மையார் தலையால் நடந்த மண் என்று சம்பந்தப் பெருமானே ஊருக்குள் கால் வைக்கத் தயங்கிப் பழையனூரில் தங்கியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில் செருப்புப் போட மனசு வராது என்பார் அத்தை. பங்குனி வெயில், தார் ரோடு. பாதி வழியிலேயே குதிகாலில் கொப்புளம். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார்கள். பாஸ்போர்ட்டை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சனிக்கிழமை வேறு. மாந்தி என்கிற கிரகத்தின் தோஷத்துக்குப் பரிகாரம் செய்ய வந்த கூட்டமும் குருபூஜைக் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. தெருவில் நிற்கிற இடைத்தரகர்கள் விடவே இல்லை. "என்ன ராசிம்மா, தோஷம் இருக்கா, சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்று ஒருவர் என் கையிலிருந்த பையையே பிடித்து இழுத்தார். சுவாமியைப் பார்க்க வருகிறவர்களிடம் பயத்தை விற்கிறார்களே என்று வயிறு எரிந்தது. பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த இழுப்பில்தான் விபரீதம் நடந்திருக்கிறது. அத்தை டிராயிங் தாளில் ஒரு பக்கம் மட்டும், தாளுக்கு மூன்று பாட்டாக எழுதி, ஓரத்தில் துளை போட்டு நூலில் கோத்திருந்தார். மண்டபத்தில் பையைத் திறக்கிறேன், நூல் அறுந்து 34 தாளும் கலைந்து கிடக்கின்றன. எடுக்கும்போதே இடித்துக்கொண்டு ஓடிய ஒரு கூட்டத்தில் பாதி கீழே சிதறியது. ஒரு தாளிலும் பக்க எண் இல்லை. ஓரத்தில் மையில் வரைந்த சின்னச் சின்னப் பேய்கள்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஆடிக்கொண்டு. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே அத்தை என்று.

தூணோரம் இருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தார். ஒன்றை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தவர், "ஏம்மா அழுவுற? அந்தாதிதானே, கடைசி வார்த்தையைப் பாரு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஒரு பாட்டு முடிகிற சொல்லிலேயே அடுத்த பாட்டு தொடங்குவதுதானே அந்தாதி. முதல் தாள் "ஆள்" என்று முடிகிறது. "ஆளானோம்" என்று தொடங்குகிற தாளைத் தேடினால் அதுதான் இரண்டாவது. எண் போடச் சொல்லி நான் நச்சரித்தபோது அத்தை சொன்னதும் ஞாபகம் வந்தது: "எண் எதுக்குடி, அம்மையாரே முடிச்சுப் போட்டுத்தான் கொடுத்திருக்கார்." அந்தக் கூட்டத்தின் நடுவில் நானும் பாட்டியும் முடிவையும் தொடக்கத்தையும் சேர்த்துச் சேர்த்து 34 தாளையும் அடுக்கினோம்.

அப்புறம் சபையைப் பார்த்தபடி உட்கார்ந்து பாடினோம். கொப்புளத்தோடு நின்று பாடியிருக்க முடியாது. நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பதை அத்தை எப்போதும் காட்டுவார், அந்தத் தைரியத்தில் உட்கார்ந்தேன். பாட்டிக்கு முழுவதும் மனப்பாடம். இரண்டாவது பாட்டு வந்தபோது குரல் உடைந்துவிட்டது. இடர் களையாவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி சொல்லாவிட்டாலும் என் நெஞ்சு அவரிடம் அன்பு விடாது என்கிற பாட்டு. மூச்சு வாங்கும்போதும் அத்தை முணுமுணுத்தது இதைத்தான்.

கடைசித் தாளுக்கு வரும்போது தீபாராதனை. எல்லோரும் எழுந்ததில் சட்டென்று வழி திறந்தது போலிருந்தது. தூக்கிய திருவடியோடு ஆடுகிற அப்பன். அருகிலேயே அம்மையார், இளைத்த சின்ன உருவம். கற்பூர வெளிச்சம் அந்த மார்பில் பட்டது. ஈர்க்குச்சி. எனக்கு ஈர்க்குச்சிதான் தெரிந்தது. எங்கள் வீட்டு நடுப்படியில் இருந்தவர் அங்கே அப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, நீ ஆடும்போது உன் அடியின் கீழ் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதைக் கொடுத்தாய். என் அத்தைக்கும் கொடுத்திருப்பாய். என்னை இங்கே நடக்க வைத்தாய், அந்தப் பாட்டியைத் தூணோரம் உட்கார வைத்தாய், எதற்கென்று நன்றி சொல்வேன்.

101-ஆவது பாட்டு "பிறந்து" என்று முடிந்தது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். பாட்டி நிறுத்தவில்லை. அதே மூச்சில் "பிறந்து" என்று முதல் பாட்டை எடுத்துவிட்டார். நானும் முதல் தாளை மேலே எடுத்து வைத்துக்கொண்டேன்.