கேற்றடி அண்ணனுக்கு ஒரு வாழ்த்துரை

ஒக்டோபர் 14, செவ்வாய்

எங்கள் ஆய்வுகூடத்துக் கேற்றடி அண்ணன் இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்கிறார். வாழ்த்துரை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்று தொடங்கினால் மட்டக்களப்பில் எந்த அதிபரின் பிரியாவிடையிலும் அதையே வாசிக்கலாம். வேண்டாம். லாப் ஒன்றின் செக்கியூரிட்டி எதைக் காக்கிறார் என்று எழுத வேண்டும்.

ஒக்டோபர் 16, வியாழன்

இரவு அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் இராணுவத் தளம் பற்றி வாசித்தேன். மேரிலாந்தில் இருக்கிறது, இராணுவத்தின் தொற்றுநோய் மருத்துவ ஆய்வு நிறுவனம் அங்கேதான். வேலி, கமரா, ஆயுதக் காவல் எல்லாம் உண்டு. ஆனாலும் 2001இல் தபாலில் போன அந்திராக்ஸ் என்ற கொடிய நோய்க் கிருமியின் தூள், 22 பேருக்கு நோயைக் கொடுத்து 5 பேரைக் கொன்ற அதே தூள், அந்த நிறுவனத்துக் குடுவையொன்றிலிருந்து வந்தது என்றுதான் எஃப்.பி.ஐ. முடிவு சொன்னது. அவர்கள் கைகாட்டிய விஞ்ஞானி உள்ளே போக முழு அனுமதி உள்ளவர். வழக்குக்கு முன்பே 2008இல் இறந்துவிட்டார். விஞ்ஞானச் சான்றை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2011இல் நிபுணர் குழு ஒன்று சொன்னது வேறு கதை. எனக்குப் பட்டது இதுதான்: அந்த விஞ்ஞானி நேரங்கெட்ட நேரத்தில் லாபில் இருந்ததைக் காட்டியது கதவின் பதிவு. வெளியாளை மறிக்க யாராலும் முடியும், தினமும் சிரித்துக்கொண்டு வருகிறவரிடம் ஏன் இந்த நேரம் என்று கேட்பதுதான் கஷ்டம்.

எங்கள் அண்ணன் கேட்பார். பெரிய டொக்டர் இரவில் வந்தாலும் சீ.ஆர். கொப்பியை நீட்டி, "சேர், பேரையும் நேரத்தையும் போடுங்க" என்பார். திரும்பிப் போகும்போது இன்னொருக்கா.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி, டவுனில் கால் வைக்க இடமில்லை.

உரையில் மெலியோய்டோசிஸையும் சேர்த்தேன். மழை தொடங்கினால் வயல் சேற்றிலிருந்து காயம் வழியாக ஏறும் கிருமி, சீனி வருத்தக்காரரைத்தான் மோசமாகப் பிடிக்கும். அமெரிக்காவில் அது அந்திராக்ஸோடு ஆபத்தான கிருமிகளின் ஒரே முதல்தரப் பட்டியலில், ஏழு பூட்டுக்குள். இங்கே படுவான்கரையில் வெறுங்காலோடு அதற்குள்தான் விதைக்கிறார்கள். அண்ணனும் வயல்காரர், வலையிறவுப் பாலத்தால் சைக்கிளில் வருகிறவர்.

அவரிடம் வாசித்துக் காட்டினேன். பற்றரி களவெடுத்த பொடியனைப் பிடித்த பகுதி வந்ததும், "அதை வெட்டுங்க மகள், அவன் இப்ப குடும்பகாரன்" என்றார். வெட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

பொன்னாடை, மாலை, சுவர்க்கடிகாரம். மூன்று பேர் பேசினார்கள், ஒருவர் அவருடைய பேரையே மாற்றிச் சொன்னார். என் உரைக்கு நல்ல கைதட்டு, சரி.

அப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் கேட்டேன், பணிக்கொடை எவ்வளவு வரும் என்று. ஒன்றுமில்லையாம். கேற் ஒன்றுதான், ஆனால் ரெண்டர் மாறும்போதெல்லாம் அவரை வேலைக்கு வைத்திருக்கும் செக்கியூரிட்டிக் கம்பனியும் மாறும், சேவைக்காலம் மறுபடி முதலிலிருந்து. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 வருடம் முடித்திருக்க வேண்டும். எனக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே எரிச்சல் வந்தது. ஏதாவது ஒரு கம்பனியில் 5 வருடம் தாண்டியிருக்கலாம், அவருக்கே சரியாக நினைவில்லை. பழைய சம்பளத் துண்டுகளையும் சேமலாப நிதிக் கடிதங்களையும் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கள் காலை இரண்டு பேரும் தொழில் அலுவலகத்துக்குப் போகிறோம்.